‘777 கொடுத்ததும் வேலை செய்தது, இப்போது தளம் என் கையில் இல்லை’

வாசகரின் கடிதம் (சுருக்கம்)

ஒரு சிறிய வாசிப்பு வட்டத்தின் இணையதளத்தை நடத்தும் வாசகர் எழுதியிருக்கிறார். கணினித் துறை அவருடைய தொழில் இல்லை. ஆர்வத்தில் தானே கற்றுக்கொண்டவர். ஒரு லினக்ஸ் சர்வரை வாடகைக்கு எடுத்து, உபுண்டு (லினக்ஸின் ஒரு வகை), அப்பாச்சி (பக்கங்களை அனுப்பும் இணையச் சர்வர்), மரியாடிபி (தரவுத்தளம்), பிஎச்பி (நிரல்மொழி) எல்லாம் போட்டு, அதன்மேல் தளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸை நிறுவினார். எல்லா வேலையையும், எதையும் செய்ய உரிமையுள்ள ரூட் கணக்கிலேயே செய்திருக்கிறார். படம் ஏற்றப் போனபோது ஃபோல்டரை உருவாக்க முடியவில்லை என்று பிழை வந்தது. இணையத்தில் தேடிப் பார்த்து, தளத்தின் மொத்த ஃபோல்டருக்கும் 777 அனுமதி கொடுத்தார். பிழை போய்விட்டது.

பழைய தளத்தின் தரவுத்தளத்திலிருந்து சுமார் 200 கட்டுரைகளைக் கொண்டுவந்தார். சில கட்டுரைகளில் தமிழ் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகள் வந்தன. பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு படிவப் பிளகினை (வேர்ட்பிரஸில் கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல்) நண்பர் ஜிப் கோப்பாகத் தந்தார், அதையும் போட்டார்.

சில மாதங்கள் கழித்துப் பார்த்தால், தேடுபொறியில் அவருடைய தளத்தின் பெயரோடு சூதாட்ட விளம்பரங்கள் வருகின்றன. நேராகத் திறந்தால் தளம் ஒழுங்காகத் தெரிகிறது. படங்கள் இருக்கும் ஃபோல்டரில் புரியாத பெயர்களில் பிஎச்பி கோப்புகள். யாரும் சேர்க்காத ஒரு நிர்வாகிக் கணக்கு. சர்வரிலிருந்து ஸ்பேம் அஞ்சல் போகிறது, நிறுத்தாவிட்டால் முடக்கிவிடுவோம் என்று ஹோஸ்டிங் நிறுவனம் எச்சரித்திருக்கிறது.

அவர் கேட்பவை: "லினக்ஸில் வைரஸ் வராது என்றார்களே? நான் வாராவாரம் சர்வரை அப்டேட் செய்துகொண்டுதானே இருந்தேன்? இலவச மென்பொருள் என்பதால் இப்படி ஆனதா, யாரிடம் புகார் செய்வது? அந்தக் கோப்புகளை மட்டும் அழித்துவிட்டுத் தொடரலாமா? அல்லது இது எனக்கு ஒத்துவராத வேலையா?"

சர்வர் நிர்வாகியின் பதில்

அன்புள்ள வாசகருக்கு,

காரணங்களைப் பிறகு பேசலாம். இன்றைக்குச் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் சர்வர் இந்த நிமிடமும் வேறு யாருக்கோ வேலை செய்துகொண்டிருக்கிறது.

எந்தக் கோப்பையும் அழிக்காதீர்கள். ஹோஸ்டிங் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் ஸ்னாப்ஷாட் (சர்வரின் இப்போதைய நிலையின் முழு நகல்) எடுக்கும் வசதி இருந்தால் இப்போதே ஒன்று எடுங்கள். எந்த வழியில் நுழைந்தார்கள் என்று பின்னால் பார்க்க அது ஒன்றுதான் சாட்சி. அப்புறம் ஃபயர்வாலில் உங்கள் இணைய (ஐபி) முகவரி தவிர மற்ற எல்லோருக்கும் உள்ளே வரும் வழியை மூடுங்கள். வெளியே போகும் அஞ்சல் போர்ட்டையும் மூடுங்கள். ஸ்பேம் நிற்பது அதனால்தான். இதைச் செய்ததும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்குப் பதில் எழுதுங்கள்: தளம் ஊடுருவப்பட்டது தெரிந்துவிட்டது, இத்தனை மணிக்குத் துண்டித்தோம், புதிய சர்வரில் மறுபடி நிறுவப் போகிறோம், பழையதை நகலெடுக்க இத்தனை நாள் அவகாசம் வேண்டும் என்று. பதிலே சொல்லாத வாடிக்கையாளரைத்தான் அவர்கள் முதலில் முடக்குவார்கள்.

கடவுச்சொற்களை வேறு ஒரு சுத்தமான கணினியிலிருந்து மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல், பிறகு டொமைன் (தளத்தின் பெயர்) பதிவுக் கணக்கு, பிறகு ஹோஸ்டிங் கணக்கு. இந்த வரிசை முக்கியம். மின்னஞ்சல் அவர்கள் கையில் இருந்தால் மற்ற இரண்டையும் மறுபடி எடுத்துக்கொள்வார்கள்.

777 செய்ததும் செய்யாததும்

777 கொடுத்ததால்தான் எல்லாம் போயிற்று என்று கடிதம் முழுக்க உங்களையே நொந்துகொண்டிருக்கிறீர்கள். அது பாதி சரி. மீதிப் பாதி தெரியாவிட்டால் அடுத்த முறையும் இதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

அந்த மூன்று இலக்கங்களில் முதலாவது கோப்பின் உரிமையாளருக்கு, இரண்டாவது அவருடைய குழுவுக்கு, மூன்றாவது அந்தச் சர்வரில் இருக்கும் மற்ற எல்லாக் கணக்குகளுக்கும். படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. ஃபோல்டர் என்றால் அந்த 1 உள்ளே நுழையும் அனுமதி. ஆக 755 என்றால் உரிமையாளர் எல்லாம் செய்யலாம், மற்றவர்கள் படிக்கலாம், நுழையலாம், எழுத முடியாது. 644 என்றால் உரிமையாளர் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும். 777 என்றால் எந்தக் கணக்கும் எதையும் மாற்றலாம்.

நீங்கள் ரூட்டாக நுழைந்து கோப்புகளை இறக்கியதால் உரிமையாளர் ரூட். உபுண்டுவில் அப்பாச்சி ஓடுவது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற கணக்கில். அந்தக் கணக்குக்கு எழுத அனுமதி இல்லை, அதனால் படம் ஏறவில்லை. படங்கள் போகும் ஒரே ஒரு ஃபோல்டரை அந்தக் கணக்கின் பெயருக்கு மாற்றியிருந்தால் போதும். நீங்கள் தளம் முழுவதையும் திறந்துவிட்டீர்கள்.

ஆனாலும் 777 என்பது வெளியில் இருப்பவரை உள்ளே விடாது. அது சர்வருக்குள் இருக்கும் கணக்குகளுக்கு இடையிலான விஷயம். வெளியாள் உள்ளே வர ஒரு கதவு வேண்டும்: ஓட்டை உள்ள பிளகின், எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல், அல்லது நாமே கொண்டுவந்து வைத்த கெட்ட நிரல். கடிதத்தைப் படித்தவரை அந்த ஜிப் கோப்பின் மீதுதான் எனக்குச் சந்தேகம். காசுக்கு விற்கும் பிளகின்களில் பின்கதவு வைத்து இலவசமாகச் சுற்றில் விடுவது மிகப் பழைய வழக்கம். உங்கள் நண்பருக்கே அது தெரிந்திருக்காது. கதவு அங்கே திறந்தது. உள்ளே வந்தவருக்கு வீடு முழுவதையும் எழுதக் கொடுத்தது 777.

லினக்ஸில் வைரஸ் வராது என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. லினக்ஸை யாரும் உடைக்கவில்லை. பிஎச்பி நிரல் ஒன்று ஓடியது, எழுத அனுமதி கேட்டது, நீங்கள் கொடுத்த அனுமதிப்படி லினக்ஸ் எழுத விட்டது.

வாராவாரம் ஆப்ட் கட்டளையால் அப்டேட் செய்ததாகச் சொல்கிறீர்கள். நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் அது உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்து வந்த அப்பாச்சி, பிஎச்பி, மரியாடிபி போன்றவற்றை மட்டும்தான் புதுப்பிக்கும். கையால் இறக்கி அவிழ்த்து வைத்த வேர்ட்பிரஸும் அதன் பிளகின்களும் ஆப்டுக்குத் தெரியவே தெரியாது. 2013-இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து சிறு பாதுகாப்புத் திருத்தங்களை வேர்ட்பிரஸ் தானே போட்டுக்கொள்கிறது. பிளகின்களுக்கு அந்த வசதியை, 2020-இல் 5.5 பதிப்பில் வந்த நிர்வாகப் பக்கத்து வசதியால் நீங்கள்தான் இயக்க வேண்டும். ஜிப்பாக வந்த அந்தப் பிளகினுக்கோ அப்டேட் வர வழியே இல்லை.

யாரிடம் புகார் செய்வது?

உங்கள் உரிமைகளை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். வேர்ட்பிரஸும், அதைப் போலவே தளம் நடத்தும் மென்பொருள்களான ட்ரூபலும் ஜூம்லாவும் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வருபவை. எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம், நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். நிறுவித் தந்தவர் யாராவது நாளைக்கு வேர்ட்பிரஸுக்கு உரிமக் கட்டணம் என்று கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. அவருடைய உழைப்புக்கான கூலி வேறு. அதே உரிமத்தில், சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு, எந்த உத்தரவாதமும் இல்லை என்றும் எழுதியிருக்கிறது. ஆகவே நஷ்ட ஈடு கேட்டு யாரிடமும் போக முடியாது. காசு கொடுத்து வாங்கும் பெரும்பாலான மென்பொருள்களின் ஒப்பந்தத்திலும் ஏறக்குறைய இதே வரி உண்டு என்பதையும் கவனியுங்கள். இலவசம் என்பதால் நடந்ததில்லை இது.

நண்பர் கொடுத்த பிளகின் சட்ட விரோதமா என்றால், அதன் நிரல் ஜிபிஎல்லில் இருந்தால் மறுபடி கொடுப்பது பெரும்பாலும் சட்டப்படி சரியே. படங்கள், வடிவமைப்புக் கோப்புகளுக்கு மட்டும் தனி உரிமம் இருக்கலாம். சட்டப்படி சரியாக இருப்பதும் நம்பத்தக்கதாக இருப்பதும் இரண்டு தனிக் கேள்விகள். செய்தவரின் தளத்திலிருந்தோ வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வப் பிளகின் தொகுப்பிலிருந்தோ நேராக வராத எதையும் சர்வரில் ஏற்றாதீர்கள். எனக்கு இதில் விதிவிலக்கே கிடையாது.

நீங்கள் பொறுப்பேற்க வேண்டிய இடம் ஒன்றும் உண்டு. அந்தப் படிவத்தில் உறுப்பினர்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் கொடுத்திருப்பார்கள். அந்தத் தரவு வெளியே போயிருக்கலாம் என்று அவர்களுக்கு நேரடியாகச் சொல்லிவிடுங்கள். தளத்தில் கணக்கு வைத்திருந்தவர்கள், அதே கடவுச்சொல்லை வேறு எங்காவது பயன்படுத்தியிருந்தால் அங்கேயும் மாற்றச் சொல்லுங்கள். பல நாடுகளின் தனிநபர் தரவுச் சட்டங்கள் இப்படிப்பட்ட கசிவை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கச் சொல்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தில், தெரியவந்ததிலிருந்து 72 மணி நேரம் என்று கெடுவே இருக்கிறது. உங்களுக்கு எது பொருந்தும் என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்யலாமா, புதிதாகவே நிறுவலாமா?

புதிதாகவே நிறுவுங்கள். நீங்கள் கண்டுபிடித்த கோப்புகள் கண்ணில் படும்படி இருந்தவை. வேர்ட்பிரஸின் சொந்தக் கோப்பு ஒன்றின் நடுவில் சேர்த்த ஒரு வரி, நேரம் வந்தால் தானே ஓடும் கிரான் வேலை, தரவுத்தளத்துக்குள் ஒளிந்த நிரல், சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவிகளில் கூடுதலாக ஒன்று என எதில் எது மிச்சம் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தேடுபொறிக்கு ஒரு பக்கமும் உங்களுக்கு வேறு பக்கமும் காட்டத் தெரிந்தவர்கள், நீங்கள் எங்கே தேடுவீர்கள் என்றும் யோசித்திருப்பார்கள். அதே சர்வரில் வைத்திருந்த பேக்கப்பையும் நம்ப வேண்டாம்.

ஊடுருவப்பட்ட இந்தத் தளத்திலிருந்து இரண்டே பொருள்களை எடுங்கள். ஒன்று கட்டுரைகள்: தரவுத்தளத்தை அப்படியே நகலெடுக்காமல், வேர்ட்பிரஸின் ‘ஏற்றுமதி’ வசதியால் கட்டுரைகளை மட்டும் ஒரு கோப்பாக எடுங்கள். தளத்தின் அமைப்புகளும் பயனர் கடவுச்சொற்களும் அதில் வராது. 200 கட்டுரைக்கு இது தாராளமாகப் போதும். அந்தக் கோப்பைத் திறந்து, நீங்கள் எழுதாத ஸ்கிரிப்ட் வரிகளும் வெளித்தள இணைப்புகளும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இரண்டாவது படங்கள்: படக் கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுங்கள், பிஎச்பி என்று முடியும் எதுவும் கூட வரக்கூடாது. தீமும் (தளத்தின் தோற்றத்துக்கான கோப்புகள்) பிளகின்களும் புதிதாக இறங்கட்டும்.

கேள்விக்குறியான கட்டுரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. எழுத்துகளைக் கணினியில் பதியும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகள். ‘கொ’ என்பது இரண்டு குறிகள் சேர்ந்தது, ஆக 6 பைட்டுகள். பழைய லத்தீன் முறையில் அமைந்த அட்டவணையிலோ இணைப்பிலோ தமிழை அனுப்பினால் இரண்டில் ஒன்று நடக்கும். ஐரோப்பிய எழுத்துகளாகச் சிதறித் தெரிந்தால் பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, மீட்டுவிடலாம். உண்மையான கேள்விக்குறியாகவே தரவுத்தளத்தில் பதிந்துவிட்டால் எழுத்து போய்விட்டது. அந்த நகலிலிருந்து மீட்க வழியில்லை. ஆகவே கட்டுரைகள் முதலில் இருந்த பழைய தளத்தின் ஹோஸ்டிங் இன்னும் உயிரோடு இருந்தால் அதன் வாடகை முடியும் தேதியை இன்றே பாருங்கள். அங்கிருந்து மறுபடி எடுக்கும்போது, புதிய தரவுத்தளத்தை முதலிலேயே யுடிஎஃப்8எம்பி4 முறையில் உருவாக்குங்கள். மரியாடிபிக்கு மூலமான மைஎஸ்கியூஎல்லில் வெறும் ‘யுடிஎஃப்8’ என்பது நீண்ட காலமாக 3 பைட்டோடு நின்றுவிடும் முறை; தமிழுக்கு அது போதும், எமோஜிக்குப் போதாது.

இந்த முறை நிறுவும்போது

புதிய சர்வரில் முதல் வேலை, உங்களுக்கென ஒரு சாதாரணக் கணக்கு உருவாக்கி, எஸ்எஸ்எச் சாவி வைத்து நுழைவது. ரூட் நேரடியாக நுழைவதையும் கடவுச்சொல்லால் நுழைவதையும் நிறுத்திவிடுங்கள். மரியாடிபியில் இந்தத் தளத்துக்கென ஒரு தரவுத்தளம், அதற்கு மட்டும் உரிமை உள்ள ஒரு பயனர். அதன் 3306 போர்ட் வெளியே தெரியக்கூடாது.

வேர்ட்பிரஸின் நிறுவும் பக்கத்தைத் திறந்தபடி விட்டுவிட்டு நாளைக்குத் தொடரலாம் என்று போகாதீர்கள். அந்தப் பக்கத்தை முதலில் நிரப்புபவர்தான் நிர்வாகி. தன்னுடைய வேறொரு தரவுத்தளத்தின் விவரத்தைக் கொடுத்து, உங்கள் சர்வரில் தன் தளத்தை நிறுவிக்கொள்ள யாராலும் முடியும். லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் https இணைப்புக்காகத் தரும் சான்றிதழ்கள், தளத்தின் பெயரோடு எல்லோரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏறுகின்றன. புதிய பெயர் ஏறியதும் தட்டிப் பார்க்க வரும் நிரல்கள் இருக்கின்றன. நிறுவி முடிக்கும்வரை உங்கள் முகவரிக்கு மட்டும் திறந்திருக்கும்படி வையுங்கள்.

இப்போது அனுமதிகள். இங்கே நிபுணர்களே இரண்டு கட்சி. ஒரு கட்சி, இணையச் சர்வர் எந்த நிரல் கோப்பிலும் எழுதக்கூடாது, படங்களின் ஃபோல்டரில் மட்டும் எழுதட்டும் என்கிறது. மிகப் பாதுகாப்பான அமைப்பு இதுதான். ஆனால் அப்படி வைத்தால் தானியங்கி அப்டேட் நடக்காது. நீங்களோ, உங்கள் கணக்கில் ஓடும் ஒரு கட்டளையோதான் செய்ய வேண்டும். மறு கட்சி, தளத்துக்கென ஒரு தனிக் கணக்கு உருவாக்கி, பிஎச்பி-எஃப்பிஎம் (பிஎச்பி நிரல்களை இயக்கும் சேவை) அந்தக் கணக்கிலேயே ஓடி, கோப்புகளும் அதன் பெயரிலேயே இருக்கட்டும் என்கிறது. பிளகின் போடும்போது எஃப்டிபி (கோப்புகளை ஏற்றும் ஒரு முறை) விவரம் கேட்கும் தொல்லையும் போகும், ஏனென்றால் வேர்ட்பிரஸ் அங்கே பார்ப்பது உரிமையாளர் பெயர் பொருந்துகிறதா என்பதைத்தான். 777 கொடுத்தாலும் அந்தக் கேள்வி போகாது.

உங்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். தனியாளாக, மற்ற வேலைகளுக்கு நடுவே தளம் நடத்துபவருக்கு, உடனுக்குடன் அப்டேட் ஆவதுதான் பெரிய காப்பு. 2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபல் 7-இன் ஒரு பெரிய ஓட்டைக்குத் திருத்தம் வெளியானது. இரண்டு வாரம் கழித்து அதன் பாதுகாப்புக் குழுவே, வெளியான 7 மணி நேரத்துக்குள் திருத்தம் போடாத ஒவ்வொரு ட்ரூபல் 7 தளமும் ஊடுருவப்பட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தது. 7 மணி நேரம் என்பது நீங்கள் தூங்கி எழும் நேரம்.

அந்த இரண்டாவது வழியில் போனால் ஃபோல்டர்கள் 755, கோப்புகள் 644, தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும் கான்ஃபிக் கோப்பு 600 என்று வையுங்கள். படங்களின் ஃபோல்டரில் பிஎச்பி ஓடவே கூடாது என்று அப்பாச்சியில் தடை போடுங்கள். அந்தத் தடையை அப்பாச்சியின் முதன்மை அமைப்பில் எழுதுங்கள். அதே ஃபோல்டரில் எச்டிஅக்சஸ் (ஒரு ஃபோல்டருக்கென அப்பாச்சிக்கு விதி சொல்லும் கோப்பு) கோப்பாக வைத்தால், அங்கே எழுத முடிந்தவர் அதையும் மாற்றிவிடுவார். கான்ஃபிக் கோப்பில் இருக்கும் எட்டு ரகசியச் சாவிகளையும் புதிதாக உருவாக்குங்கள். பழையதிலிருந்து எடுத்து ஒட்ட வேண்டாம்.

முதல் பக்கம் மட்டும் திறந்து, உள் பக்கங்கள் 404 (பக்கம் இல்லை) என்று வந்தால் பதறி மறுபடி அனுமதியில் கைவைக்காதீர்கள். அது பெரும்பாலும் அப்பாச்சியின் ரீரைட் தொகுதி (முகவரிகளை மாற்றி அனுப்பும் பகுதி) இயங்காததாலோ, எச்டிஅக்சஸைக் கணக்கில் எடுக்கும்படி அப்பாச்சியின் அமைப்பில் சொல்லாததாலோ வருவது. எந்தப் பிழை வந்தாலும் முதலில் அப்பாச்சியின் பிழைப் பதிவைத் திறந்து கடைசிச் சில வரிகளைப் படியுங்கள். எந்தக் கோப்பில் எந்தக் கணக்குக்கு அனுமதி இல்லை என்பதுவரை பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும்.

பேக்கப் வேறு இடத்துக்குப் போக வேண்டும், சர்வரிலிருந்து அதை அழிக்க முடியாதபடி. தரவுத்தளமும் படங்களும் இரண்டும் வேண்டும். ஒரு முறையாவது அதிலிருந்து தளத்தை எழுப்பிப் பாருங்கள்.

உங்களுக்கு ஒத்துவருமா?

தனியாகக் கற்று, லினக்ஸில் இவ்வளவும் நிறுவி, தமிழ்க் கட்டுரைகளை ஏற்றி, விளம்பரம் வருவதைக் கவனித்து, கோப்புகளைக் கண்டுபிடித்து, மறைக்காமல் எழுதிக் கேட்டவர் நீங்கள். திறமை பற்றிய கேள்வி இதில் இல்லை. நேரம் பற்றித்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். மாதத்தில் சில மணி நேரமும், மோசமான ஓட்டை ஒன்று வெளியாகும் நாளில் உடனே உட்காரும் வசதியும் இருந்தால் சொந்தச் சர்வரை வைத்துக்கொள்ளுங்கள்; வேறு எப்படியும் கிடைக்காத கட்டுப்பாடு அதில் கிடைக்கும். இல்லையென்றால் நிர்வகிக்கப்படும் ஹோஸ்டிங்குக்கு மாறுவதில் எந்தக் குறையும் இல்லை. சர்வரையும் பிஎச்பியையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், பிளகின்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மட்டும் உங்களிடம் இருக்கும். அங்கே போனாலும் டொமைன் உங்கள் வட்டத்தின் பெயரிலேயே இருக்கட்டும், ஏற்றுமதிக் கோப்பு உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

இந்த முடிவை இந்த வாரமே எடுக்க வேண்டியதில்லை. ஏற்றுமதிக் கோப்பும் படங்களும் எந்த வழிக்கும் அப்படியே பொருந்தும். முதலில் அவற்றைப் பத்திரமாக வெளியே எடுங்கள். தளம் புதிய இடத்தில் எழுந்ததும் தேடுபொறியின் தள நிர்வாகிகளுக்கான பக்கத்தில் பதிவு செய்து, பழைய சூதாட்டப் பக்கங்களை நீக்கக் கேளுங்கள். அவை பட்டியலிலிருந்து மறையக் கொஞ்ச நாள் ஆகும், அதுவரை தேடினால் தெரியத்தான் செய்யும். அதைப் பார்த்து மறுபடி ஊடுருவிவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். இணைப்பை அழுத்தினால் ‘இல்லை’ என்ற பதில் வந்தால் சரி.